கம்பளிப் பொம்மையும் உபின் இபினும்

சிறுவர் இலக்கியம் பற்றி நமது சஞ்சிகைகளில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. நல்ல நூல்கள் இல்லை என்ற ஆதங்கமும், எழுதுவோர் குறைந்துவிட்டனர் என்ற கவலையும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். ஆனால் நமது பிள்ளைகள் இன்று கதை கேட்கும் இடத்தை அக்கட்டுரைகள் எட்டிப் பார்ப்பதில்லை. உம்மும்மாவின் மடியிலிருந்து அந்த இடம் தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து கைத்தொலைபேசிக்கும் பெயர்ந்து வெகு காலமாகிறது. முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை கேட்கும் கதைகளில் பெரும்பாலானவை கார்ட்டூன் கதைகளே. ஒரு கவிதைத் தொகுதிக்கு மூன்று நான்கு விமர்சனங்கள் எழுதும் நாம், அந்தக் கதைகளில் ஒன்றையேனும் ஒரு பிரதியாகக் கொண்டு வாசித்துப் பார்த்தோமா?

வாசிக்காமலேயே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் மட்டும் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தடைப்பட்டியல். மந்திரம் வருகிறதா, பன்றி வருகிறதா, இசை வருகிறதா என்று எண்ணிப் பார்த்து, வந்தால் கூடாது என்பது. மற்றையது முத்திரை. பாத்திரம் தொப்பி அணிந்திருக்கிறதா, ஸலாம் சொல்கிறதா என்று பார்த்து, இருந்தால் நல்லது என்பது. இரண்டும் பெற்றோரின் உண்மையான அக்கறையிலிருந்து பிறப்பவைதான். அவற்றை எள்ளி நகையாடுவது என் நோக்கமல்ல. ஆயினும் இரண்டுமே கதைக்குள் நுழையாமல் வாசலில் நின்று சொல்லப்படும் தீர்ப்புகள்.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. 2001இல் சவூதி அரேபியாவில் பொக்கிமொன் விளையாட்டுகளும் அட்டைகளும் தடைசெய்யப்பட்டன. சூதாட்டத்தைப் பழக்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2013இல் பங்களாதேஷ் அரசு, ஹிந்தி மொழியில் ஒளிபரப்பான டொரேமொன் தொடரைத் தடுத்தது. பிள்ளைகள் வங்காளத்தை விட்டு ஹிந்தி பேசத் தொடங்கிவிட்டனர் என்பது அங்கே முறைப்பாடு. பிரித்தானியாவில் 2006இல் ஒரு பார்வையாளரின் முறைப்பாட்டையடுத்து, டொம் அன்ட் ஜெரியில் வரும் புகைபிடிக்கும் காட்சிகளை நீக்க ஒளிபரப்பு நிறுவனம் இணங்கியது. பூனையின் தலையில் சுத்தியலால் அடிக்கும் காட்சிகளைப் பற்றி அந்த முறைப்பாட்டில் பேச்சில்லை. சுருட்டை நீக்கிவிட்டு அடியை விட்டுவைத்த அந்த ஏற்பாடு, பட்டியல் வைத்துத் தீர்ப்பளிப்பதன் எல்லையை நன்றாகவே காட்டுகிறது. டொம் அன்ட் ஜெரி 1940இல் திரையரங்குகளுக்கு வரும் பொதுவான பார்வையாளர்களுக்காக எடுக்கத் தொடங்கப்பட்ட குறும்படங்கள் என்பதை நினைவில் வைத்திருந்தால், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றதா என்ற கேள்வியையே வேறு விதமாகக் கேட்டிருப்போம்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? நமது மரபிலேயே இதற்கு வெளிச்சம் தரும் மூன்று செய்திகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. மூன்றும் நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டவை.

முதலாவது, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளிடையே துணிச் சிறகுகள் கொண்ட குதிரை ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குதிரைக்குச் சிறகா என்று வினவிய செய்தி. ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தபோது, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்குச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது, அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு குருவி இறந்துபோனபோது, அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி. மூன்றாவது, ஆஷூரா நோன்பின்போது பிள்ளைகளையும் நோன்பு நோற்கவைத்த ஸஹாபியப் பெண்கள், பசியால் அழும் பிள்ளைக்குக் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை அதைப் பராக்குக் காட்டினார்கள் என்று ருபையிஃ (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி.

இவற்றிலிருந்து மார்க்கத் தீர்ப்பு எடுப்பது உலமாக்களின் பணி. உருவங்கள் பற்றியும் இசை பற்றியும் அவர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நான் போகவில்லை. ஓர் இலக்கிய வாசகனாக எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: சிறகுள்ள குதிரைக்கு, அதாவது கற்பனைக்கு, அங்கே சிரிப்பு கிடைத்தது. செத்துப்போன குருவிக்கு, அதாவது பெரியவர்கள் அற்பமென நினைக்கும் பிள்ளையின் துயருக்கு, விசாரிப்புக் கிடைத்தது. கம்பளிப் பொம்மையைக் கொடுத்த உம்மா, கொடுத்துவிட்டு எழுந்து போகவில்லை. பொழுது சாயும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

ஆகவே ஒரு கார்ட்டூன் தொடரைப் பார்க்கும்போது நான் கேட்க விரும்பும் கேள்விகள் சில. தவறு செய்த பிள்ளையை இந்தக் கதை என்ன செய்கிறது? இதில் வரும் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு? பிள்ளையின் பயத்துக்கும் துயருக்கும் இதில் இடம் இருக்கிறதா? காட்சிகள் பிள்ளைக்கு யோசிக்க நேரம் விடுகின்றனவா?

கடைசிக் கேள்வி வெறும் ரசனை சார்ந்ததன்று. 2011இல் அமெரிக்காவின் வெர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு ஸ்பொஞ்ச்பொப் என்ற வேகமான கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தது. இன்னொரு குழு, ஒரு சின்னப் பையனின் அன்றாட வாழ்வைச் சொல்லும் மெதுவான கார்ட்டூன் ஒன்றைப் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. வேகமான கார்ட்டூனில் சராசரியாக 11 விநாடிக்கு ஒருமுறையும், மெதுவானதில் 34 விநாடிக்கு ஒருமுறையும் காட்சி முழுவதுமாக மாறியது. பார்த்து முடிந்த கையோடு கவனம், பொறுமை, சொன்னதை நினைவில் வைத்துச் செய்தல் ஆகியவற்றைச் சோதித்தபோது வேகக் கார்ட்டூன் பார்த்த குழுவே பின்தங்கியது. எங்கள் தொடர் ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று அந்த நிறுவனம் பதில் சொன்னது. நமது வீடுகளில் யார் வயது பார்த்துக் கார்ட்டூன் போடுகிறார்கள்? இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. குறைந்தால் இன்னும் நல்லது என்பதும் அந்த அறிவுறுத்தலிலேயே இருக்கிறது.

இந்த அளவுகோல்களோடு நான் எடுத்துக்கொண்ட தொடர் மலேசியாவின் ‘உபின் இபின்’. நமது பிள்ளைகளிற் பலருக்கு அது நன்கு அறிமுகமானது. மலாய் மொழி ஒரு சொல்லும் தெரியாத வீடுகளிலும், ‘ஆமாம் ஆமாம் ஆமாம்’ என்ற பொருளில் இபின் மூன்று முறை அடுக்கிச் சொல்லும் ‘பெத்துல் பெத்துல் பெத்துல்’ ஒலிக்கிறது. முஸ்லிம்கள் எடுத்தது, நோன்பும் தொழுகையும் வருகிறது என்ற முத்திரையோடு பெற்றோர் அதை நம்பிக் கொடுக்கிறார்கள். முத்திரையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடரைப் பார்ப்போம்.

லெஸ் கொபாக் என்ற நிறுவனம் 2007ஆம் ஆண்டு ரமழானில், மலேசியாவின் டிவி9 அலைவரிசைக்காக ஐந்து நிமிட அளவிலான ஆறு பகுதிகளைத் தயாரித்தது. தொடரின் தொடக்கம் அதுதான். நோன்பு என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதே நோக்கம். நாளை நோன்பு, சோதனை, நிஃமத், தராவீஹ், நாளை பெருநாள், பெருநாள் என்று அந்த ஆறு பகுதிகளின் தலைப்புகளைத் தமிழாக்கலாம். ‘கம்பொங் டுரியான் ருன்துஹ்’ என்ற கற்பனைக் கிராமம். அங்கே ஐந்து வயது இரட்டையர் இருவர். தலையில் ஒற்றைக் குடுமி மயிர் உள்ளவன் உபின். மொட்டைத் தலையன் இபின். உம்மாவும் வாப்பாவும் இல்லை. ‘ஓப்பா’ என்று அவர்கள் அழைக்கும் மூதாட்டியும், ரோஸ் என்ற ராத்தாவும்தான் வளர்க்கிறார்கள்.

முதல் பருவத்தின் வெற்றி, அது நோன்பைப் பற்றிப் பேசாமல் பசியைப் பற்றிப் பேசியது. நமது சிறுவர் பாடல்களை நினைத்துப் பாருங்கள். நோன்பு வந்தது, நன்மை வந்தது, நோற்போம் வாரீர் என்ற தொனியில்தான் அவை தொடங்கும். அங்கே பிள்ளை இல்லை. பிள்ளையின் குரலில் ஒரு மௌலவி இருக்கிறார். உபின் இபினில் ‘ஏன் நோன்பு பிடிக்க வேண்டும்’ என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வருகிறது. அந்தக் கேள்விக்காக யாரும் பிள்ளையை அதட்டுவதில்லை. ஓப்பா பதில் சொல்கிறாள். வெயில் ஏறுகிறது, நாக்கு வறள்கிறது, இபினுக்குப் பொரித்த கோழி நினைவுக்கு வருகிறது. அவனுடைய கோழி ஆசை தொடர் முழுவதும் வரும் நகைச்சுவை. ரமழானில் மட்டும் அது நகைச்சுவையைத் தாண்டி ஒரு போராட்டமாகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இபினின் வயிறு தன் வயிறு. கம்பளிப் பொம்மை செய்த வேலையை இந்த ஐந்து நிமிடம் செய்கிறது.

தவறு செய்த பிள்ளையைக் கதை என்ன செய்கிறது என்ற கேள்விக்கும் இங்கே நல்ல பதில் உண்டு. இந்த இரட்டையர் நற்பிள்ளைகளின் மாதிரியுருக்கள் அல்லர். குறும்பு செய்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பேராசைப்படுகிறார்கள். ரோஸ் ராத்தா அதட்டுவாள். ஓப்பா அணைப்பாள். நமது வீடுகளில் உம்மா ஏசி முடிய உம்மும்மா சேலைத் தலைப்பால் முகம் துடைத்துவிடுவது போன்றதே அது. தவறு செய்தவன் கெட்டவன் ஆவதில்லை. அடுத்த நாளும் அவன் அந்த வீட்டுப் பிள்ளைதான். சின்னப் பிள்ளைக்குக் கதை தரக்கூடிய மிகப்பெரிய பாதுகாப்பு இதுவென்று நினைக்கிறேன். நரக நெருப்பைக் காட்டி ஒழுக்கம் கற்பிக்கும் சில ‘இஸ்லாமியக் கார்ட்டூன்கள்’ முத்திரையில் முழுப்புள்ளி பெற்று, இந்த இடத்தில் தவறிவிடுகின்றன.

அடுத்தது, மரணம். இந்தத் தொடரின் நாயகர்கள் அநாதைகள் என்பதை அது மறைப்பதுமில்லை, அதை வைத்து அழவைப்பதுமில்லை. முதல் பருவத்தின் பெருநாள் பகுதியில் அவர்கள் தாய் தந்தையரின் கப்றுகளைத் தரிசிக்கப் போகிறார்கள். புத்தாடை, பெருநாள் காசு, பலகாரம், இவற்றோடு மையவாடியும். பெருநாள் காலையில் நமது ஊர்களிலும் நடப்பதுதானே? அந்தக் காட்சியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது, “அவங்கட உம்மா அதுக்குள்ளயா இருக்கா?” என்றுதான். ஆம் என்றேன். பிள்ளை சற்று நேரம் யோசித்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தது. பயப்படவில்லை. இரட்டையர் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஆறுதல் கொண்டிருக்க வேண்டும்.

இது நமக்குச் சின்ன விடயமல்ல. 1990இன் வெளியேற்றமும் படுகொலைகளும், 2004 டிசம்பரின் கடலும் நமது சமூகத்தில் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளுக்கு நாம் நிவாரணம் கொடுத்தோம், இல்லங்கள் கட்டினோம். அவர்களை நாயகர்களாகக் கொண்டு, அவர்கள் சிரிக்கும்படியாக, ஒரு சிறுவர் கதையை எழுதிக் கொடுத்தோமா? அந்தப் பிள்ளைகள் நமது கவிதைகளில் துயரத்தின் உருவகமாக நிறையவே வந்தார்கள். கதையில் விளையாடும் பிள்ளைகளாக வரவில்லை. குருவி செத்ததை விசாரிக்கும் மனம் கவிதையில் இருந்தது. அபூ உமைருக்கு அதனால் என்ன பயன்?

மூன்றாவதாக, அந்தக் கிராமத்தின் அயலவர்கள். இரட்டையரின் தோழர்களில் மெய் மெய் சீனச் சிறுமி. மூக்குக் கண்ணாடி அணிந்த கெட்டிக்காரி. ஜர்ஜித் சிங் சீக்கியப் பையன். வாய் திறந்தால் மலாய்ப் பாரம்பரியப் பாவடிவமான பந்துனில் இரண்டு அடி எடுத்துவிடுவான். மெய்ல் எதையாவது விற்றுக்கொண்டிருப்பான். சுசந்தி இந்தோனேசியாவிலிருந்து வந்தவள். கிராமத்தில் கடை வைத்திருக்கும் ‘அங்கள் முத்து’வும் அவருடைய மகன் ராஜுவும் தமிழர்கள். ராஜுவோடு ஒரு மாடும் எப்போதும் இருக்கும். மெய் மெய்யின் பெருநாளான சீனப் புத்தாண்டுக்கும் ஒரு பகுதி உண்டு.

இந்த இடத்தில்தான் நம்மவர் சிலர் தயங்குகிறார்கள். பிறர் பெருநாட்களை நமது பிள்ளைக்கு ஏன் காட்ட வேண்டும் என்கிறார்கள். நமது பிள்ளை அதை வாழ்க்கையிலேயே காண்கிறது என்பதுதான் என் பதில். வெசாக் கூடும், தைப்பொங்கல் கோலமும், நத்தார் நட்சத்திரமும் அதன் தெருவில் இருக்கின்றன. அயலவனின் பெருநாளன்று நாம் யாராக இருக்கிறோம் என்பதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, பாடசாலையிலும் பஸ்ஸிலும் சந்தேகப் பார்வைகளைச் சந்தித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, முஸ்லிம் பெருநாளின்போது மெய் மெய் வீட்டுக்கு வருவதும், அவளுடைய பெருநாளின்போது அவளுக்காக மகிழ்வதும் சாதாரணமான விடயங்கள் என்று காட்டும் ஒரு கதை பெறுமதியானது. அங்கே யாரும் யாருடைய நம்பிக்கையையும் மாற்றிக்கொள்வதில்லை. உபினும் இபினும் தராவீஹுக்குப் போகும் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு குறைகளுக்கு வருகிறேன். விதந்துரைத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது முத்திரை குத்துவதன் இன்னொரு வடிவமாகிவிடும்.

முதற்குறை, சிரிப்பு யாரைப் பார்த்து என்ற கேள்வியில் எழுகிறது. எஹ்சான் வசதியான வீட்டுப் பிள்ளை, உடல் பருத்தவன், செல்லமாக வளர்ந்தவன். அவனுடைய செல்லத்தைக் குத்திக்காட்டும் பட்டப்பெயர் சொல்லி ஃபிஸி அவனைச் சீண்டுவது தொடரில் மீண்டும் மீண்டும் வரும் நகைச்சுவை. அவர்கள் உறவினர்கள், கூட்டாளிகள், கேலி நட்புக்குள் நடப்பது என்று வாதிடலாம். வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். நான்கு வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்வது பட்டப்பெயர் வைக்கும் பழக்கத்தை மட்டுமே. அடுத்த நாள் முன்பள்ளியில் பருத்த பிள்ளை ஒன்று அதற்கு விலை கொடுக்கும். பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள் என்ற திருமறையின் கட்டளையைப் பிள்ளைக்கு ஓதிக்கொடுக்கும் நாம், அதற்கு மாறானதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டுவது முரண்.

இரண்டாவது, வார்ப்புப் பாத்திரங்கள். சீனச் சிறுமி படிப்பில் கெட்டி, தமிழர் கடை வைத்திருக்கிறார், தமிழர் மகன் மாட்டோடு திரிகிறான். ஒவ்வொன்றும் அன்போடுதான் வரையப்பட்டிருக்கிறது. என்றாலும் இனத்துக்கு ஒரு தொழில், இனத்துக்கு ஒரு குணம் என்ற வார்ப்பு, பல்லினச் சமூகத்தின் பிள்ளை மனதில் மெல்லப் படியும். முஸ்லிம் என்றால் வியாபாரி என்று நமது நாட்டின் நாடகங்களும் படங்களும் நம்மைக் காட்டியபோது நாம் மனம் வருந்தியவர்கள். அதே அளவுகோலை நாம் விரும்பும் பிரதியின் மீதும் வைக்கத்தான் வேண்டும். தமிழ் பேசும் ஒரு வாசகன் அங்கள் முத்துவைக் கண்டதும் முதலில் மகிழ்வான். மலாய்க் கிராமம் அவரை நேசிக்கிறது, ஆனால் அவர் வீட்டுக்குள் கதை எத்தனை முறை போயிருக்கிறது என்று பிறகுதான் கேட்பான்.

மூன்றாவது, தொடரின் நீளம். ஆறு பகுதிகளாகத் தொடங்கியது, பருவம் பருவமாக நீண்டு, திரைப்படங்களும் விளையாட்டுப் பொருட்களும் ஆடைகளுமாகப் பெரும் வணிகமாகியது. வணிகம் குற்றமல்ல. ஆனால் எல்லாப் பகுதிகளும் ஒரே வயதுக்கு ஏற்றவையல்ல. 2009இல் திரைக்கு வந்த ‘கெங்’ என்ற படத்தில் இதே இரட்டையர் வருகிறார்கள். அது காட்டுக்குள் போகும் சாகசக் கதை. மர்மமும் துரத்தலும் பயங்கர உருவங்களும் நிறைந்தது. எட்டு வயதுப் பிள்ளை ரசிக்கும். நான்கு வயதுப் பிள்ளை இரவில் தூங்காது. ‘உபின் இபின்தானே’ என்று பெயரைப் பார்த்துப் போட்டுக்கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இதனோடு ஒப்பிட, 2017 முதல் மலேசியாவிலிருந்தே வரும் ‘ஒமர் ஹனா’ தொடர் நல்ல உதாரணம். பிஸ்மில்லாஹ் சொல்லல், துஆ ஓதல், உம்மாவுக்கு உதவுதல் என்று ஒவ்வொரு பகுதியும் ஒரு பாடத்தைப் பாட்டோடு சொல்லும். வண்ணங்கள் மென்மையானவை. கேலி இல்லை. முத்திரைக் கணக்கில் அது உபின் இபினை வெல்லும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதையே நானும் முன்வைப்பேன். ஆனால் அது பாடம். கதை என்று சொல்வது கடினம். பிள்ளைக்குத் துஆவைத் தருகிறது. பசியையும் பொறாமையையும் இழப்பையும் ஒரு பாத்திரத்தோடு சேர்ந்து கடந்துவரும் அனுபவத்தை அது அவ்வளவாகத் தருவதில்லை. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பதுதான் பிழை.

ஆகவே எனது தீர்ப்பு இது. உபின் இபினின் முதல் பருவத்தின் ஆறு நோன்புக் கதைகளும், அவற்றை ஒத்த கிராமத்துக் கதைகளும் நான்கு வயது முதல் ஏழு வயதுவரையான பிள்ளைகளுக்குத் தகுந்தவை. நல்ல சிறுவர் இலக்கியம் என்றே சொல்லத் தகுந்தவை. திரைப்படங்கள் அதற்கு மேற்பட்ட வயதினருக்கு. எஹ்சானைக் கேலி செய்யும் இடம் வரும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, ‘அவனுக்கு மனம் நோகும்தானே?’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லாத வீட்டில் எந்தக் கார்ட்டூனும் முழுமையாகத் தகுந்ததல்ல. கம்பளிப் பொம்மை தனியே நோன்பைக் கற்பிக்கவில்லை.

இனி மொழி. நமது பிள்ளை உபினோடு மலாய் பேசுகிறது. வேறு தொடர்களோடு ஆங்கிலமும் ஹிந்தியும் பேசுகிறது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் டோராவைப் பார்த்த பிள்ளைகள் சென்னைத் தமிழ் பேசினார்கள். பங்களாதேஷ் போல் தடைபோட நான் சொல்லவரவில்லை. பிற மொழி கேட்பதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை. நமது நாட்டு மலாய் சகோதரர்களின் வீடுகளில் அந்த மொழி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் பிள்ளை தன் வீட்டு மொழியை, ‘உம்மும்மா, பசிக்குது’ என்று தான் சொல்லும் அதே தமிழை, ஒரு கதைக்குள் ஒருமுறையேனும் கேட்க வேண்டாமா? தன் மொழி கதைக்கு உதவாத மொழி என்று ஐந்து வயதில் முடிவெடுக்கும் பிள்ளை, இருபது வயதில் இந்தச் சஞ்சிகையைக் கையில் எடுக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

சிங்களத்தில் டைட்டஸ் தொடவத்த என்ற ஒரு மனிதர் இருந்தார். 2011இல் காலமானார். ரூபவாஹினிக்காக அவர் ‘டொக்டர் டூலிட்டில்’ கதையை ‘தொஸ்தர ஹொந்த ஹித’ என்றும், ‘பக்ஸ் பனி’யை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்றும் மாற்றித் தந்தபோது வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. அமெரிக்க முயலைச் சிங்களக் கிராமத்து வாயாடியாக்கினார். ஒரு தலைமுறைச் சிங்களப் பிள்ளைகள் அந்த முயலைத் தங்கள் ஊர் முயலென்றே நம்பினார்கள். நமது பிள்ளைகளும் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். இலங்கைத் தமிழில் அதற்கு நிகராகச் சொல்ல ஒரு பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வெளியிலிருந்து எடுப்பதில் வெட்கமில்லை. 1885இல் சித்திலெப்பை அவர்கள் அஸன்பே சரித்திரத்தை எழுதியபோது கதையை மிஸ்ரு தேசத்தில்தான் தொடங்கினார். அதை நாம் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமென்று கொண்டாடுகிறோம். கதை தூரத்திலிருந்து வந்தது. தமிழ் நம்முடையதாக இருந்தது. கார்ட்டூன் தயாரிக்க நம்மிடம் பணமில்லை, கலையகமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் உபின் இபினும் ஐந்து நிமிடக் கதைகள் ஆறோடுதான் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம். அந்த ஆறு கதைகளுக்கும் முதலில் தேவைப்பட்டது, ஒரு பிள்ளையின் பசியைக் கவனித்துப் பார்த்த ஓர் எழுத்தாளர். அதற்குக் கலையகம் தேவையில்லை.

நோன்புக் கஞ்சிக்குச் சட்டியோடு பள்ளிவாசல் வரிசையில் நிற்கும் பிள்ளை, முதல் நோன்பைப் பாதியில் விட்டுவிட்டு அதை யாருக்கும் சொல்லாமல் மறைக்கும் பிள்ளை, வெளிநாட்டிலிருக்கும் உம்மாவோடு பெருநாள் காலையில் தொலைபேசியில் மட்டும் பேசும் பிள்ளை, இவர்கள் எல்லோரும் நமது தெருக்களில்தான் இருக்கிறார்கள். அடுத்த ரமழானுக்கு முன் இவர்களில் ஒருவரைப் பற்றி, அறிவுரை ஒன்றும் சொல்லாத ஒரு சின்னக் கதையை யாராவது எழுதித் தாருங்கள். படம் வரைய ஆள் தேடிக்கொள்ளலாம். அதுவரை நமது பிள்ளைகள் ‘பெத்துல் பெத்துல்’ என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.